எலிப்பொந்துக்கு எமன்... ஜாக் ரஸ்ஸல் டெரியர்!

பழைய கிராமபோன் இசைத்தட்டுகளின் நடுவில் இருக்கும் அந்தப் படம் பலருக்கும் நினைவிருக்கும். ஒலி வரும் குழாயின் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்து, காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்ன நாய். அதன் பெயர் ‘நிப்பர்’. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1884-ம் ஆண்டு பிறந்தது. வீட்டுக்கு வருபவர்களின் காலைக் கவ்வும் பழக்கத்தால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். நிப்பர் கலப்பின டெரியர்தான் என்றாலும், அதன் உடம்பில் ஓடியது ஜாக் ரஸ்ஸல் டெரியரின் ரத்தம் என்று சொல்பவர்கள் அதிகம். ‘தி மாஸ்க்’ என்ற ஆங்கிலப் படத்தில் கதாநாயகனுடன் துள்ளித் திரியும் ‘மைலோ’வும் இதே இனம்தான்.

இப்படிப் படங்களில் பார்த்து ஆசைப்பட்டு இந்தக் குட்டிகளை வாங்குபவர்கள் நம் ஊர்களிலும் பெருகி வருகிறார்கள். ‘உருவத்தில் சிறியது, அதிகம் சாப்பிடாது, எலியைப் பிடிக்கும்’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மூன்றுமே உண்மை. ஆனால், அது பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டு முடிவெடுத்தால், வாங்கிய ஆறு மாதத்தில் ‘யாருக்காவது கொடுத்துவிடலாம்’ என்று நினைக்கும் நிலை வராது.

பாதிரியார் உருவாக்கிய இனம்

இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் டெவன் மாவட்டம், மேய்ச்சல் நிலங்களும் சிறு சிறு பண்ணைகளும் நிறைந்த பகுதி. அங்கே டார்ட்மவுத் என்ற ஊரில் 1795-ம் ஆண்டு பிறந்தவர் ஜான் ரஸ்ஸல். சர்ச் பாதிரியாராக வேலை, நரி வேட்டையில் தீராத ஆசை. 1819-ல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கிராமத்துப் பால்காரர் ஒருவரிடம் ‘டிரம்ப்’ என்ற பெட்டை டெரியரைப் பார்த்து, அந்த இடத்திலேயே வாங்கிவிட்டார் என்கிறது அவர் வாழ்க்கை வரலாறு. வெள்ளை உடம்பு, கண், காது, வால் அடி ஆகிய இடங்களில் மட்டும் பழுப்புத் திட்டு. அந்தப் பெட்டையிலிருந்து தொடங்கிய வழிதான் இன்றைக்கு அவர் பெயரிலேயே வழங்குகிறது.

‘டெரியர்’ என்ற சொல், மண்ணைக் குறிக்கும் ‘டெர்ரா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மண்ணுக்குள் புகுந்து வேலை செய்யும் நாய் என்று பொருள். வேட்டை நாய்கள் துரத்தும்போது நரி வளைக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். பெரிய நாய்களால் அதற்குள் நுழைய முடியாது. அப்போது டெரியரை வளைக்குள் விடுவார்கள். அது உள்ளே போய் குரைத்து மிரட்டி நரியை வெளியே விரட்ட வேண்டும், கொல்லக் கூடாது. அதனால்தான் முரட்டுத்தனத்தைவிட, குரலும் துணிச்சலும் விடாப்பிடியும் உள்ள நாய்களை ரஸ்ஸல் தேர்ந்தெடுத்தார். நரியோடு குழம்பாமல் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் வெள்ளை நிறம்.

1873-ல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் தொடங்கப்பட்டபோது அதன் முதல் உறுப்பினர்களில் ரஸ்ஸலும் ஒருவர். ஆனாலும், தன்னுடைய நாய்களைக் கண்காட்சி அழகுக்காக அவர் வளர்க்கவில்லை. 1883-ல் அவர் இறந்த பிறகும், டெவன் பகுதிப் பண்ணைக்காரர்களும் வேட்டைக்காரர்களும் வேலைத்திறனை மட்டுமே பார்த்து இந்த நாய்களைப் பெருக்கினார்கள். அதனால் உயரமும் முடியும் ஒரே மாதிரி அமையவில்லை. பின்னாளில் இரண்டு பிரிவுகளாகப் பிரித்தார்கள். கால் நீண்டது ‘பார்சன் ரஸ்ஸல் டெரியர்’. கால் குட்டையானது ‘ஜாக் ரஸ்ஸல் டெரியர்’. முதலாவதற்கு இங்கிலாந்து கென்னல் கிளப் 1990-ல் அங்கீகாரம் கொடுத்தது. இரண்டாவதற்கு 2016-ல்தான் கிடைத்தது.

நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதை இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2004-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால், எலி பிடிக்கத் தடை இல்லை. அதனால் இன்றைக்கும் அங்கே தானியக் கிடங்கு, கோழிக்கொட்டகை, குதிரை லாயம் என்று எலி சேரும் இடங்களில் இந்த நாய்க்கு வேலை இருக்கிறது.

உருவம் எப்படி இருக்கும்?

ஜாக் ரஸ்ஸல் டெரியரின் தோள் உயரம் 25 முதல் 30 செ.மீ. உயரத்தில் ஒவ்வொரு 5 செ.மீ-க்கும் ஒரு கிலோ எடை என்பது கணக்கு. 25 செ.மீ உயர நாய் 5 கிலோ, 30 செ.மீ நாய் 6 கிலோ. பார்சன் ரஸ்ஸலில் கடுவன் 36 செ.மீ, பெட்டை 33 செ.மீ வரை இருக்கும்.

முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பை இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடித்தால் விரல்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். இதுதான் இந்த இனத்துக்கான பழைய சோதனை. மார்பு அதைவிட அகலமாக இருந்தால் நரி வளைக்குள் புக முடியாது. முடி மூன்று வகையாக அமையும். படிந்த குட்டை முடி, சொரசொரப்பான நீள முடி, இரண்டும் கலந்த முடி. நம் வெயிலுக்கும் உண்ணித் தொல்லைக்கும் குட்டை முடி வகைதான் வசதி. உண்ணி இருந்தால் உடனே கண்ணில் படும். ஆனால், எந்த வகையாக இருந்தாலும் முடி கொட்டும். வாரம் இரண்டு முறை சீவிவிட வேண்டும்.

எலி பிடிக்கும் விதம்

இங்கிலாந்துப் பண்ணைகளில் வைக்கோல் கட்டுகளைப் புரட்டும் நாளில் நாலைந்து டெரியர்களைச் சுற்றி நிறுத்துவார்கள். கட்டைத் தூக்கியதும் எலிகள் சிதறி ஓடும். நாய் பாய்ந்து கவ்வி, ஒரு உலுக்கு உலுக்கும். எலியின் கழுத்து முறிந்துவிடும். அதைக் கீழே போட்டுவிட்டு உடனே அடுத்த எலிக்குப் பாயும். பிடித்ததை ஓர் ஓரமாகக் கொண்டுபோய்த் தின்று கொண்டிருக்காது. பூனைக்கும் டெரியருக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இது.

அதற்காக, ஒரு நாய் வந்தால் எலித் தொல்லையே ஒழிந்துவிடும் என்று எண்ணக் கூடாது. சிந்திய தானியத்தைக் கூட்டாமல், கதவிடுக்கை அடைக்காமல் விட்டால், நாய் ஒரு பக்கம் பிடிக்கப் பிடிக்க இன்னொரு பக்கம் எலி பெருகிக்கொண்டுதான் இருக்கும்.

நெல் வயலில் வேறொரு சிக்கல் இருக்கிறது. நம் வயல் எலிகள் வரப்புக்குள்தான் வளை வைக்கின்றன. எலி வாசனை கிடைத்துவிட்டால் டெரியர் மண்ணைத் தோண்டாமல் விடாது. எலியைப் பிடிப்பதற்குள் வரப்பை உடைத்து, தண்ணீரை அடுத்த வயலுக்கு விட்டுவிடும். எனவே, நெல் வயலுக்குத் தஞ்சாவூர் கிட்டியும் ஆந்தைக் குடிலும்தான் பொருத்தம். வைக்கோல் போர், தீவன அறை, கோழிக்கொட்டகை, தேங்காய்க் கிடங்கு போன்ற இடங்களில்தான் இந்த நாயின் திறமை பயன்படும்.

குணம்... வரமும் அதுவே, வம்பும் அதுவே!

மண்ணுக்கடியில் எஜமானின் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில், தானே முடிவெடுத்து வேலை செய்வதற்காக உருவான நாய் இது. அதனால் புத்தி கூர்மையாக இருக்கும். பிடிவாதமும் அதே அளவுக்கு இருக்கும். ‘வா’ என்று கூப்பிட்டால் வரும். எலி வாசனை மூக்கில் ஏறிவிட்டால் வராது. காது கேட்காததைப் போல நிற்கும்.

தினமும் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டமோ வேலையோ வேண்டும். அது கிடைக்காவிட்டால் குரைக்கும், செருப்பைக் கடிக்கும், தோட்டத்தைத் தோண்டும். சிறிய உடம்பாக இருந்தாலும் தன்னைவிடப் பல மடங்கு பெரிய நாயிடம் சண்டைக்குப் போகும். ஓட்டை வழியாக நுழைந்தும், வேலிக்கு அடியில் தோண்டியும் தப்பிக்கும். தோட்டத்தில் விடுவதாக இருந்தால், கம்பிவலையை மண்ணுக்குள் ஓர் அடி ஆழமாவது புதைத்துக் கட்ட வேண்டும்.

வீட்டு ஆட்களிடம் மிகுந்த பாசம் காட்டும். ஆனால், வாலைப் பிடித்து இழுத்தால் பொறுத்துக்கொள்ளும் இனம் அல்ல. 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நாயையும் பிள்ளையையும் தனியாக விடக் கூடாது. நாய் சாப்பிடும்போது கிட்டே போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தீவனமும் வெயிலும்

6 கிலோ எடையுள்ள, நன்றாக ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளைக்கு 400 முதல் 500 கலோரி போதும். 100 கிராம் சோற்றில் 130 கலோரி, ஒரு முட்டையில் 70 கலோரி இருக்கிறது. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், வீட்டில் மிஞ்சிய சோற்றையெல்லாம் தட்டு நிறையக் கொட்டினால் என்ன ஆகும் என்பது புரியும். உடம்பு பெருத்தால் இந்தச் சின்னக் கால்களின் மூட்டுகள்தான் முதலில் பாதிக்கப்படும். தயிர்ச் சோறு மட்டும் போதாது. வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், எலும்பு இல்லாத கோழிக்கறி என்று புரதம் சேர வேண்டும். விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. அதுதான் சரியான உடல்வாகு.

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லெட் ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது. குழம்பில் கிடக்கும் வெங்காயமும் ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் குத்திவிடும்.

இங்கிலாந்தின் குளிருக்குப் பழகிய இனம் என்பதால் நம் கோடை வெயிலில் கவனம் தேவை. காலை 8 மணிக்குள்ளும், மாலை 5 மணிக்குப் பிறகும் ஓடவிடலாம். விளையாட்டு வேகத்தில் களைப்பையே காட்டாது என்பதால், நிறுத்த வேண்டியது வளர்ப்பவர்தான். நாக்கு நீண்டு தொங்கி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. நிழலுக்குத் தூக்கிவந்து, உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, காற்று படும்படி வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஆயுளும் நோய்களும்

நல்ல ஆயுள் உள்ள இனம் இது. இங்கிலாந்தின் ராயல் வெட்டர்னரி காலேஜ், 30,000-க்கும் மேற்பட்ட நாய்களின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்ட பட்டியலில், ஜாக் ரஸ்ஸல் டெரியர்தான் முதலிடம். பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் சராசரி ஆயுள் 12.7 ஆண்டுகள். நன்றாகப் பராமரித்தால் 15 வயதைத் தாண்டுவதும் உண்டு. அதாவது, இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை கல்லூரியை முடிக்கும்வரை இந்த நாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இனத்துக்கென்று சில பரம்பரைக் குறைகள் உண்டு.

கண் வில்லை நழுவுதல்: பெரும்பாலும் 3 முதல் 8 வயதுக்குள் வரும். கண் சிவந்து, நீர் வடிந்து, மங்கலாகத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாமதித்தால் பார்வை போய்விடும். தாய், தந்தை நாய்களிடம் இந்தக் குறை இருக்கிறதா என்பதை மரபணுச் சோதனையில் கண்டுபிடிக்கலாம்.

முழங்கால் சில்லு நழுவுதல்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென்று பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு தத்திவிட்டு, பிறகு சாதாரணமாக ஓடும். ‘விளையாடுகிறது’ என்று விட்டுவிடக் கூடாது.

இடுப்பு மூட்டுத் தேய்மானம்: ஒரு வயதுக்குள்ளாகவே நொண்டத் தொடங்கும்.

காது கேளாமை: வெள்ளை நிறம் அதிகமுள்ள நாய்களில் வருகிறது. குட்டி வாங்கும்போது அதன் பார்வைக்குப் படாமல் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். மற்ற குட்டிகள் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்து இதுவும் திரும்பும் என்பதால், தனியாகப் பிரித்துச் சோதிப்பது முக்கியம்.

குட்டி பிறந்த 2 வாரத்திலிருந்து குடற்புழு நீக்கம், 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஊக்க ஊசிகள், ஆண்டுதோறும் தொடர் ஊசி. எலி பிடிக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். எலியின் சிறுநீரிலிருந்து நாய்க்கு வரும் அந்தக் கிருமி, நாயின் சிறுநீர் வழியாக வீட்டு ஆட்களுக்கும் பரவக்கூடியது. நாய் கடித்துப் போட்ட எலியை வெறும் கையால் எடுக்கக் கூடாது. கையுறை அல்லது பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்து, ஆழமாகப் புதைக்க வேண்டும்.

எலி மருந்தும் இந்த நாயும் ஒரே இடத்தில் ஆகாது

எலி பிடிக்கும் நாயின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் எலிக்கு வைத்த மருந்துதான். விஷம் தின்ற எலி தள்ளாடித் தள்ளாடி ஓடும். நாய்க்குச் சுலபமாகச் சிக்குவதும் அந்த எலிதான். பக்கத்துத் தோட்டத்தில் வைத்த மருந்தும் இதேபோல் வந்து சேரும். எனவே, நாய் வாங்குவதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் பேசிவைப்பது நல்லது.

புரோமோடயோலோன் போன்ற கட்டி மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. அறிகுறி அன்றைக்கே தெரியாது. 3 முதல் 5 நாள்கள் கழித்து ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, மலம் கறுத்து, மூக்கில் ரத்தம் வரும். இதற்கு மாற்று மருந்து உண்டு. ‘வைட்டமின் கே-1’ மருந்தைப் பல வாரங்கள் தொடர்ந்து கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். நாய் மருந்தைத் தின்றது தெரிந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சிங்க் பாஸ்பைடு அப்படியல்ல. வயிற்று அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாக மாறும். சில மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்று வலி, வலிப்பு வரும். இதற்கு நேரடி மாற்று மருந்து இல்லை. சோறு, பால் எதையும் கொடுக்கக் கூடாது. வயிற்றில் அமிலம் கூடி வாயு அதிகமாகும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் ஆபத்து. நாய் எடுக்கும் வாந்தியிலிருந்து வரும் வாயு மனிதர்களுக்கும் கெடுதல் என்பதால், மூடிய அறையிலோ, கண்ணாடி ஏற்றிய வண்டியிலோ வைக்கக் கூடாது. மருந்து வந்த அட்டையையோ பாக்கெட்டையோ கையோடு கொண்டுபோனால் மருத்துவர் நேரத்தை வீணாக்காமல் சிகிச்சை தொடங்குவார்.

குட்டி வாங்கும் முன்...

நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றையும், தடுப்பூசி அட்டையையும் கேட்டு வாங்க வேண்டும். தாய் நாயை நேரில் பார்க்காமல் குட்டிக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது. தாய் மிரண்டு ஒடுங்கியோ, கடிக்க வந்தோ நின்றால், அந்தக் குணம் குட்டியிலும் வர வாய்ப்பு உண்டு. வெள்ளை நிறத்தில் சிறியதாக இருப்பதையெல்லாம் ஜாக் ரஸ்ஸல் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*ஆடு மேய்க்க இந்த நாய் உதவுமா?*

உதவாது. மந்தையை மடக்கும் குணம் இந்த இனத்துக்கு இல்லை. ஆட்டின் காலைச் சுற்றிச் சுற்றிக் குரைத்துக் கலைத்துவிடும்.

*தோட்டக் காவலுக்கு ஏற்றதா?*

ஆள் வந்தால் குரைத்து எழுப்பும். அதற்கு மேல் 6 கிலோ நாயால் ஒன்றும் செய்ய முடியாது. காவல்தான் முக்கியம் என்றால் கோம்பை, ராஜபாளையம் போன்ற நம் இனங்களோ, ஊரில் பிறந்த நல்ல நாட்டு நாயோ போதும். வெயிலைத் தாங்கும், செலவும் குறைவு.

*கோழிகளோடு விடலாமா?*

8 வாரக் குட்டியிலிருந்தே கோழிகளைப் பார்த்து வளர்ந்தால் ஓரளவுக்குப் பழகும். ஆனால், சிறகடித்து ஓடும் குஞ்சைக் கண்டால் பிறவிக்குணம் தலைதூக்கும். ஆள் இல்லாத நேரத்தில் கோழிக்கொட்டகைக்குள் விடக் கூடாது. எலி பிடிக்க விடுவதாக இருந்தாலும், கோழிகளை அடைத்த பிறகுதான் விட வேண்டும். முயல், வெள்ளெலி வளர்க்கும் வீட்டுக்கு இந்த நாய் வேண்டவே வேண்டாம்.

*காட்டை ஒட்டிய தோட்டத்தில் வளர்த்தால் முயல், உடும்பு பிடித்துவிடாதா?*

பிடிக்கும். அதுதான் பிரச்னை. காட்டு முயல், உடும்பு, கீரி எல்லாம் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. நாயை ஏவி வேட்டையாடினால் நாய்க்குச் சொந்தக்காரர்மீதுதான் வழக்கு வரும். அத்தகைய இடங்களில் கயிறு இல்லாமல் அவிழ்த்துவிடக் கூடாது.

*வாலை வெட்டிவிட்டால்தான் அழகு என்கிறார்களே?*

வளைக்குள் சிக்கிக்கொண்ட நாயைக் கைப்பிடி அளவு வாலைப் பிடித்து இழுப்பதற்காக வேட்டைக்காரர்கள் செய்த பழக்கம் அது. அழகுக்காக வாலை வெட்டுவதை இங்கிலாந்திலேயே 2007-ல் தடை செய்துவிட்டார்கள். நம் ஊரில் அதற்குத் தேவையே இல்லை.

*பாம்பைக் கண்டால் ஒதுங்கிப் போகுமா?*

போகாது. எலி வளைக்குள் பாம்பு இருந்தாலும் தலையை விடும். எதிரில் வந்தாலும் பாயும். இந்த இனத்தை நம் தோட்டங்களில் வளர்ப்பவர்கள் அதிகம் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். கண்ணாடி விரியன் கடித்த இடம் வேகமாக வீங்கும். நல்ல பாம்பு கடித்தால் தள்ளாடும், மூச்சு திணறும். கடித்த இடத்தைக் கீறுவதோ, கயிற்றால் இறுக்கிக் கட்டுவதோ கூடாது. நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, பாம்புக்கடி விஷமுறிவு மருந்து இருக்கும் கால்நடை மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடம்பு சின்னது என்பதால் விஷம் வேகமாக வேலை செய்யும். எந்த மருத்துவமனையில் அந்த மருந்து இருப்பு இருக்கிறது, இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைக் குட்டி வீட்டுக்கு வரும் நாளிலேயே விசாரித்து, சுவரில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.